சுங்கை சிப்புட் பக்கம் அதிகச் செலவில்லாமல் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், கோலாலம்பூர், சிங்கப்பூர், சில சமயம் தமிழ்நாடு என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு, எவ்வளவு செலவாகும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஊர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்தே சொல்கிறேன், இங்கே வந்துவிட்டு அவற்றைப் பார்க்காமல் போவது வீண்.

முதலில் உண்மையைச் சொல்லுங்கள், சுங்கை சிப்புட்டில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர், கோலகங்சாருக்குத் தெற்கே 20 சொச்சம், நடுவில் ரப்பர் வளர்த்த ஒரு டவுன். சுற்றிலும் எல்பில், டோவன்பி, ஹீவுட், கமுனிங் என்று தோட்டங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன். டவுனில் இரண்டு மூன்று தெருக்களில் பழைய கடை வீடுகள், கோப்பிக் கடைகள், ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். செல்ஃபி எடுக்கச் சுவரில் படம் வரைந்த தெரு வேண்டுமென்றால் நேராக ஈப்போவுக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மலேசியத் தமிழர்களின் கதை எந்த மண்ணில் நடந்தது என்று பார்க்க ஆசை இருந்தால், காசு கேட்காமல் அதைக் காட்டுகிற ஊர் இதைப்போல் அதிகம் இல்லை. இரண்டு நாள் போதும்.

செலவில்லாமல் எப்படி வந்து சேர்வது?

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். மின்ரயில் இருக்கிறது, சுங்கை சிப்புட்டில் நிலையமும் இருக்கிறது. எல்லா வண்டியும் இங்கே நிற்காது, டிக்கெட் எடுக்கும்போது நிற்கும் வண்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஈப்போவரை பஸ்ஸில் வந்தால், அங்கிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் கோலகங்சார் போகிற உள்ளூர் பஸ் இந்த டவுன் வழியாகத்தான் போகும். பஸ் நேரத்தை நம்பி சரியான கணக்குப் போடாதீர்கள், கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

டவுன்களுக்கு இடையே முடியும். தோட்டங்களுக்கும் காராய் பக்கத்து விக்டோரியா பாலத்துக்கும் கஷ்டம். நாலு பேராக வந்து ஒரு காரைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. உறவுக்காரர் யாராவது மோட்டார் இரவல் கொடுத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, லைசன்சும் தலைக்கவசமும் இருக்கட்டும்.

தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா? நுழைவுக் கட்டணம் உண்டா?

கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் பூங்கா மாதிரி நினைத்து நுழைந்துவிடாதீர்கள். தோட்டம் கம்பெனி நிலம் அல்லது ஒருவருடைய சொந்த நிலம், அங்கே ஆட்கள் வேலை செய்கிறார்கள், குடும்பங்கள் குடியிருக்கின்றன. வாசலில் காவலாளி இருந்தால் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள், எதற்கு என்று சொல்லுங்கள். கோயிலுக்கு என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நுழையக்கூடாது என்று மலாய்ப் பலகை வைத்திருந்தால் அதை மதியுங்கள், "சும்மா ஒரு போட்டோதானே" என்ற பேச்சே வேண்டாம். உள்ளே சொந்தமோ தெரிந்தவரோ இருந்தால் அவர்களை முன்னே விட்டுப் பின்னால் போங்கள்.

லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, படம் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பலகை வீடு உங்களுக்கு அழகாகத் தெரியலாம், அதில் குடியிருப்பவருக்கு அது ஒழுகுகிற கூரை. வாசலில் துணி காய்வதையும் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருப்பதையும் கேட்காமல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். "வணக்கம் பாட்டி, ஒரு படம் எடுத்துக்கலாமா" என்று கேட்டால் பாட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு நிற்பார், கூடவே கோப்பியும் கொடுப்பார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நேரில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் நீங்கள் தூக்கத்தை விடவேண்டும். பால் வெட்டு விடியுமுன் தொடங்குகிற வேலை. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மரப்பட்டைக்குள் பால் குழாய்களில் அழுத்தம் இரவெல்லாம் ஏறி, விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கி, பால் வருவது குறைந்துபோகும். அதனால்தான் அந்தக் காலத்தில் நம் பாட்டிகள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள், அதாவது மர வரிசைக்குள், போனார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று புரியும். முதலில் பழைய வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவை, அதாவது ஒட்டுப்பாலை, ஒரே இழுப்பில் உரித்து எடுப்பார்கள். பிறகு வளைந்த கத்தியை வைத்து, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக ஒரு மெல்லிய சீவல். சீவல் தடித்தால் பட்டை வீண், ஆழமாகப் போனால் கட்டையில் காயம் பட்டு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் திரும்ப வளரும், அங்கே மறுபடி வெட்ட முடியாது. சரியான ஆழத்தில் கத்தி போனால் வெட்டு முழுக்க வெள்ளை முத்துகள் அரும்பி, ஒன்று சேர்ந்து கோடாகி, தகர மூக்கு வழியாகக் கோப்பையில் சொட்ட ஆரம்பிக்கும். வெட்டுகிறவர் அதை நின்று பார்க்க மாட்டார், அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்.

பெரிய தோட்டங்களில் இதைப் பார்ப்பது இப்போது குறைவு. சின்னத் தோட்டக்காரர்கள், அதாவது சில ஏக்கர் சொந்தமாக வைத்திருக்கும் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள், இன்னும் வெட்டுகிறார்கள். முதல் நாளே கேட்டு வையுங்கள். போகும்போது நீளக் கால்சட்டை, மூடிய காலணி, கொசு மருந்து அவசியம். பெர்ஃப்யூம் அடித்துக்கொண்டு போகாதீர்கள், எப்படியும் ரப்பர் கட்டி நாற்றத்தில் அது தோற்றுவிடும். பலரும் இப்போது பாலைக் கோப்பையிலேயே உறைய விட்டுக் கட்டியாக விற்கிறார்கள், அந்தக் கட்டி ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒருமுறை மாட்டினால் வாழ்நாளுக்கும் மறக்காது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறவர்கள் கவனிக்க: ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் அது. பால் குறையும், பலர் வெட்டை நிறுத்தி வைப்பார்கள். ஆனால் உதிருமுன் இலைகள் செம்பு நிறமாக மாறும், கீழே சருகு கணுக்கால்வரை கிடக்கும், நடந்துபோகவே நன்றாக இருக்கும்.

எல்லாம் செம்பனையாகிவிட்டதாமே?

பெரும்பகுதி ஆகிவிட்டது. இந்த நாட்டில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வணிகமாக முதலில் நட்டது 1917-இல், கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். பிற்பாடு ரப்பர் விலை படுத்தபோது தோட்டம் தோட்டமாக மாற்றிவிட்டார்கள். செம்பனைக்குள் நடப்பது ரப்பர் நிரைக்குள் நடப்பது மாதிரி சுகமாக இருக்காது. குலை வெட்டும் இடத்தின் கீழே நிற்கவே நிற்காதீர்கள், முள்ளோடு கூடிய மட்டையும் இருபது கிலோ குலையும் மேலிருந்து விழும். சாலையோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

மலேசியாவின் முதல் ரப்பர் மரம் பக்கத்தில்தான் இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, வேலி போட்டுப் பலகை வைத்த ஒரு மரம். பார்க்கக் காசு இல்லை. இந்தப் பக்கம் வருகிற தமிழர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் கட்சி.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தாவரப் பூங்காவில் அவற்றில் கொஞ்சம்தான் முளைத்தன. அதிலிருந்து 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாருக்குக் கொண்டுவந்து அப்போது பேராக் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகரான ஆங்கிலேய அதிகாரியாக, இருந்த ஹியூ லோ நட்டார். அந்த ஒன்பதில் தப்பிப் பிழைத்த ஒன்றுதான் இது.

போய்ப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று சொன்னவர்கள் உண்டு. உருவத்தில் அது ஒரு சாதாரண வயதான மரம், பக்கத்தில் கார் நிறுத்தும் இடம், ஃபைல் கட்டோடு ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த மரமும் இதன் வகையறாவும் இந்த மண்ணில் பிடிக்காமல் போயிருந்தால் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களில் பாதிப் பேராவது வேறெங்கோ போயிருப்பார்கள், அல்லது ஊரிலேயே இருந்திருப்பார்கள். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நீங்களும் ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

விக்டோரியா பாலம் எங்கே இருக்கிறது? போக எவ்வளவு?

சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் இடையில், காராய் பக்கம். பேராக் ஆற்றின் மேல் 1897-இல் கட்டத் தொடங்கி 1900-இல் திறந்த ரயில் பாலம், ஒற்றைத் தண்டவாளம், செங்கல் தூண்கள், மேலே இரும்புச் சட்டங்கள், நீளம் சுமார் 350 மீட்டர். பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு 2002-இல் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கட்டணம் இல்லை.

தண்டவாளத்தை ஒட்டி ஒடுக்கமான நடைபாதை ஒன்று உண்டு. அது மூடியிருந்தால் தாண்டிக் குதிக்க வேண்டாம், கரையிலிருந்தே பாலம் முழுசாகத் தெரியும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு போங்கள், நடுப்பகலில் இரும்பு காய்ந்து கிடக்கும், நிழல் கிடையாது. கல்யாண ஜோடிகள் போட்டோகிராபரோடு வந்து நிற்பார்கள், அவர்கள் முடிக்கும்வரை கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், கீழே ஆறு ஆழம்.

கோலகங்சாரில் அரை நாள் இருந்தால் வேறு என்ன பார்க்கலாம்?

அரச நகரம் என்பதால் கண்ணுக்கு நிறைவான கட்டடங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் இலவசம். முதலில் உபுடியா மசூதி. தங்க நிறக் குவிமாடம், நான்கு பக்கமும் கோபுரங்கள். ஈப்போ ரயில் நிலையத்தை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பக்தான் இதையும் வரைந்தார். 1913-இல் தொடங்கிய வேலை 1917-இல்தான் முடிந்தது. நடுவில் இரண்டு அரச யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவர்கள் தரையை மட்டும்தான் பார்ப்பார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, உடம்பை மூடிய உடையில் போனால் மற்ற மதத்தவரும் பார்க்கலாம், அங்கே மேலங்கி கொடுப்பார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே இஸ்தானா கெனாஙான், 1926-இல் ஆணி அடிக்காமல் மரத்தால் கட்டிய அரண்மனை. உள்ளே விடாத நாளாக இருந்தாலும் வெளியே நின்று அதன் பின்னல் மூங்கில் சுவரைப் பார்ப்பதற்கே போகலாம். 1905-இல் தொடங்கிய மலாய்க் கல்லூரியைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், அது பள்ளிக்கூடம், உள்ளே சுற்ற முடியாது. சுல்தான் அஸ்லான் ஷா காட்சிக்கூடத்துக்குச் சின்னக் கட்டணம் உண்டு, கார்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங் கம்போங். கரிய நிறத்தில் சுரைக்காய் வடிவ மண் கூஜா செய்யும் ஊர், லாபு சாயோங் என்பார்கள். பட்டறைகளில் செய்வதைச் சும்மா நின்று பார்க்கலாம், வாங்கச் சொல்லி நச்சரிக்க மாட்டார்கள். உமியில் புதைத்துத்தான் அந்தக் கறுப்பு நிறத்தை ஏற்றுகிறார்கள். தண்ணீர் ஊற்றி வைத்தால் நம் மண்பானை மாதிரியே குளுமையாக இருக்கும். வீட்டுக்கு எதையாவது வாங்கிப் போகவேண்டும் என்றால் இதையே வாங்குங்கள், சின்னது விலை கொஞ்சம்தான், ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?

காலைப் பசியாறுதல் ஆளுக்குப் பத்து வெள்ளிக்குள் தாராளமாக முடியும். சுங்கை சிப்புட் டவுனில் தோசை, இட்டிலி, ரொட்டி சானாய், நாசி லெமாக் எல்லாம் கிடைக்கும். காலை ஏழு மணிக்குப் போனால் பால் வெட்டி முடித்து வந்தவர், பள்ளி வாத்தியார், ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்துக் கணக்கர்) என்று ஊரே உட்கார்ந்திருக்கும், நாலு செய்தியும் சேர்த்துக் கிடைக்கும். மதியம் வாழை இலைச் சாப்பாடு. கறி, மீன் என்று ஏற்ற ஏற்றத்தான் பில் ஏறும், சைவமாகச் சாப்பிட்டால் மிச்சம்.

கோலகங்சாரில் ஆற்றோரக் கடைகளில் லக்சா சாப்பிடாமல் திரும்பாதீர்கள். கையால் பிசைந்து வெட்டிய தடித்த மாவு இழை, மீன் குழம்பு, பினாங்கு லக்சாவைவிடப் புளிப்பும் காரமும் குறைவு. சைவக்காரர்களுக்கு அங்கே செண்டோல்தான் கதி.

பசார் மாலம், அதாவது இரவுச் சந்தை, எந்த நாள் என்று உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஒரு நாள் போடுவார்கள். நாலு பேர் நாலு பொட்டலம் வாங்கிப் பிரித்துச் சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வெளியாட்கள் போகலாமா? அன்னதானம் சாப்பிடலாமா?

தாராளமாகப் போகலாம், தாராளமாகச் சாப்பிடலாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா பெரும்பாலும் சித்திரையிலிருந்து ஆடிக்குள் வரும், கோயிலுக்குக் கோயில் தேதி மாறும். கரகம், காவடி, சில இடங்களில் தீமிதி, ராத்திரி ரதம். தோட்டத்தை விட்டு எங்கெங்கோ போனவர்கள் அந்த ஒரு நாள் குடும்பத்தோடு திரும்பி வருவார்கள், லயம் இடிபட்டு ஆளே இல்லாமல் போன தோட்டத்தில்கூடக் கோயில் மட்டும் அன்றைக்கு நிரம்பி வழியும்.

மரியாதை ஒன்றிரண்டு. உண்டியலில் இரண்டு வெள்ளியாவது போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். சாப்பிட்ட இலையை நீங்களே எடுங்கள். கை சும்மா இருந்தால் பரிமாற நில்லுங்கள், சாம்பார் வாளியைப் பிடித்த ஐந்தாவது நிமிடத்தில் "தம்பி எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை" என்று விசாரணை ஆரம்பித்துவிடும். சாமி வந்து ஆடுபவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

தைப்பூசத்துக்கு வந்தால் ஈப்போவில் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோயில். பத்துமலைக் கூட்டத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கு அது கொஞ்சம் பரவாயில்லை.

1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது இங்கேதான் என்கிறார்களே, அதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

இங்கேதான். 1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கரைக் கம்யூனிஸ்டுகள் அவருடைய அலுவலகத்தில் சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஜான் எலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இன்னும் இருவர். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம், அது முடிந்தது 1960 ஜூலை 31-இல். துரைமார்களின் பெயர்கள்தான் புத்தகங்களில் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு வருடமும் பகலில் ராணுவத்துக்கும் ராத்திரியில் காட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் நடுவே பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களின் கதை வீட்டுத் திண்ணைகளில்தான் இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள், அதற்கும் காசில்லை.

பார்க்கவேண்டும் என்றால் பத்து காஜாவுக்குப் போங்கள், ஈப்போவுக்குத் தெற்கே. அந்த மூவரும் அங்குள்ள பழைய ஐரோப்பியர் கல்லறையில்தான் அடக்கம், ஒவ்வொரு ஜூனிலும் அங்கே நினைவஞ்சலி நடக்கும். அவ்வளவு தூரம் போனால் கோப்பெங் சாலையில் கெல்லி மாளிகையும் வழியில் வரும். மாளிகைக்கு டிக்கெட் உண்டு, ஆனால் அதற்குப் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு இல்லை. மாளிகை கட்டத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் 1918 வாக்கில் விஷக்காய்ச்சலில் கொத்துக்கொத்தாக விழ, மிச்சமிருந்தவர்கள் கேட்டதற்காக வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்த கோயில். நன்றிக்காகக் கோயில் மேற்கூரையில் சாமி சிலைகளோடு கோட்டுப் போட்ட துரையையும் நிற்க வைத்துவிட்டார்கள். கழுத்தை வளைத்துத் தேடுங்கள், கிடைப்பார். மாளிகையை ஸ்மித் முடிக்கவே இல்லை, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார்.

துன் சம்பந்தன் ஊர் இதுதானே?

இதேதான். 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர், இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் பெரிய தமிழ்ப்பள்ளி. பள்ளி நேரத்தில் உள்ளே போய்ச் சுற்றமுடியாது, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். தோட்டங்களைத் துண்டாடி விற்றுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். உங்கள் தாத்தா வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் தாத்தா பாட்டி இந்தப் பக்கம் ஏதோ தோட்டத்தில் இருந்தார்களாம், எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி, அடிக்கடி வருகிற கேள்வியும்கூட. கிளம்புமுன் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். அப்பா அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்ற வரியில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும். பழைய பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்பக்க எழுத்து, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேச்சுவழக்கில் தோட்டத்துக்கு வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் வேண்டும்.

இங்கே வந்ததும் முதலில் கோயிலுக்குப் போங்கள், தோட்ட ஆபீசுக்குப் பிறகு போகலாம். ஆபீசில் இப்போது இருப்பவர்கள் புது ஆட்கள், தொழிலாளர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவர். கோயில் பூசாரிக்கும் கமிட்டித் தலைவருக்கும்தான் யார் குடும்பம் எந்தத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்தது என்ற விவரம் தெரியும். பெயரை மட்டும் சொன்னால் போதாது, அந்தக் காலத்தில் ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருந்திருப்பார்கள். எந்தக் கங்காணியின் கீழ், எத்தனையாவது லயம், பட்டப்பெயர் என்ன என்று சொல்லுங்கள். பட்டப்பெயர் சொல்லக் கூச்சப்படாதீர்கள், ஊரில் ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். வெறுங்கையோடு போகாமல் ஒரு பிஸ்கட் டின்னோ பழமோ கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் சலித்துப்போவார்களே?

வருடத்தின் பிற்பாதியில் வந்தால் ரப்பர் காய் வெடித்து விதை சிதறிக் கிடக்கும். வெயில் ஏறினால் மரத்தின் மேல் "டப் டப்" என்று சத்தம் கேட்கும், அதுதான். புள்ளி போட்ட விதைகளைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் ஓங்கி அடித்தால் எது உடையாமல் நிற்கிறதோ அது ஜெயித்தது. சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைக்கும் வித்தையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பச்சை விதையில் விஷம் உண்டு, கைக்குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, ரயிலில் தைப்பிங் போய்வருவது. வழியில் பெராப்பிட் மலைச் சுரங்கப்பாதை வரும், அந்த இருட்டே பிள்ளைகளுக்குப் பாதிக் கொண்டாட்டம். தைப்பிங் ஏரிப் பூங்கா பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் 1880-இல் உருவானது, நூறு வயது தாண்டிய மழைமரங்கள் சாலையைத் தாண்டிக் கிளையை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இலவசம். 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகமும் அதே ஊர்தான். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்களின் கல்லறை சாலைக்கு இரு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கம் முழுக்க இந்தியப் படையினர். நடுகற்களில் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது. குடை கட்டாயம், மழைக்குப் பேர்போன ஊர் அது.

ஆற்றில் குளிக்கலாமா?

லாசா, லிந்தாங் பக்கம் பிளஸ் ஆற்றில் உள்ளூர்க்காரர்கள் இறங்கும் இடங்கள் உண்டு. அவர்கள் இறங்கும் இடத்தில், இறங்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் துண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள், போட்டோவெல்லாம் பிறகு.

மழை வந்தால் திட்டம் கெட்டுவிடுமா?

காலை மழை என்றால் பால் வெட்டு கிடையாது, ஈரப் பட்டையில் பால் வழிந்து வீணாகும். அன்றைக்குக் கோப்பிக் கடை, பிறகு மசூதி, காட்சிக்கூடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிற்பகல் மழை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும்.

தங்க எங்கே?

சொந்தக்காரர் வீடு, வேறென்ன. அது இல்லையென்றால் டவுனில் சின்ன விடுதிகள் உண்டு. கொஞ்சம் வசதி வேண்டுமென்றால் ஈப்போவில் தங்கி இங்கே வந்துபோங்கள், திருவிழா வாரங்களில் மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

அனுமதி வாங்காமல் வேண்டாம். தோட்ட நிர்வாகம் சம்மதிக்காது, கோலகங்சாரில் அரண்மனை இருக்கிறது, கோயில் திருவிழாவில் கமிட்டிக்காரர்கள் கையோடு இறக்கச் சொல்வார்கள். போன் கேமரா போதும்.